டவர் செயலிழந்த ஊருக்கு ட்ரோன் வழிச் செய்தி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரையின் பல ஊர்களில் வெள்ளத்தோடு சேர்ந்து போனும் அடங்கிவிட்டது. ஒரு டவர் செயலிழக்க வெள்ளம் அதைச் சாய்க்க வேண்டியதே இல்லை. கரண்ட் போய், டவரடியில் இருக்கும் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர ரோடும் இல்லையென்றால் போதும். பாலத்தோடு சேர்ந்து ஃபைபர் கேபிள் அறுந்தாலும் அதே கதைதான்.

அப்படிப்பட்ட நாளில், தனித்துப்போன ஊரிலிருந்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறை வரை ஒரு சிறு செய்தியைக் கொண்டுசேர்க்க ஒரு தன்னார்வக் குழு என்ன செய்யலாம் என்பதற்கான வழிகாட்டி இது. ஊர் இளைஞர் மன்றமோ, கல்லூரி நாட்டுநலப் பணித் திட்ட மாணவர்களோ, மீனவர் சங்கமோ பத்துப் பேர் சேர்ந்தால் செய்துவிடலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஏற்பாட்டில் ட்ரோன் தருவது உயரம் ஒன்றைத்தான். மற்ற எல்லாம் தரையில் நடக்கிற வேலை. ட்ரோனை வாங்கிவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று கிளம்புகிற குழு வெள்ளத்தன்று வீடியோ மட்டும்தான் எடுத்துக்கொண்டிருக்கும்.

எந்த அளவில் யோசிக்க வேண்டும்

உலகில் இது மூன்று அளவுகளில் நடக்கிறது. 2021 ஜூலையில் சீனாவின் ஹெனான் வெள்ளத்தில் மிஹே என்ற ஊர் துண்டிக்கப்பட்டபோது, விங் லூங் என்ற பெரிய ஆளில்லா விமானத்தில் செல்போன் நிலையத்தை ஏற்றி, சுமார் 50 சதுர கி.மீ. பரப்புக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் சிக்னல் கொடுத்தார்கள். அது அரசாங்கங்கள் மட்டும் செய்யக்கூடியது.

அடுத்தது டெலிகாம் கம்பெனி அளவு. 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கியதும் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் செல்போன் நிலையங்களில் 95 சதவீதம் முடங்கின. ஏடி அண்ட் டி நிறுவனம் தரையிலிருந்து கேபிள் கட்டிய ஒரு ட்ரோனை 200 அடி உயரத்தில் நிறுத்தி, 40 சதுர மைல் வரை எல்.டி.இ. (4ஜி) சேவை தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கேபிள் வழியாகவே மின்சாரமும் போவதால் பேட்டரி தீருமே என்ற கவலை இல்லை. கேபிள் ட்ரோனின் பலம் அதுதான். விலை நம் கைக்கு எட்டாது. அதோடு செல்போன் அலைவரிசை உரிமம் பெற்ற கம்பெனிகளுக்கானது. நாமாக ஒரு குட்டி டவரை ஏற்றிப் பறக்கவிட்டால் அது குற்றம்.

மூன்றாவதுதான் நமக்கானது: லோரா எனப்படும் குறைந்த சக்தி, நீண்ட தூர ரேடியோ. பேச்சு போகாது, படம் போகாது. இரண்டு வரி எழுத்து போகும். "எங்கே, எத்தனை பேர், என்ன வேண்டும்" என்பதற்கு இரண்டு வரி போதும்.

"ஏன், ட்ரோனில் ஒரு வைஃபை ரவுட்டரைக் கட்டினால் என்ன?" என்று எல்லாரும் கேட்பார்கள். போனின் வைஃபை அலை பலவீனமானது. 60 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரவுட்டருக்குப் போன் சொல்வது கேட்பது சில நூறு மீட்டருக்குள்தான். அந்த ரவுட்டருக்கு இன்டர்நெட் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருக்கிறது. போதாததற்கு, பெரும்பாலான ட்ரோன்களின் ரிமோட் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது. சொந்த ட்ரோனுக்கு நாமே இடைஞ்சல் செய்துகொள்வோம்.

முதல் படி: லோரா கருவிகளும் ஆப்பும்

மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள் 2020 முதல் இருக்கிறது. ஹெல்டெக், லில்லிகோ, ராக் போன்ற கம்பெனிகளின் சிறு எலக்ட்ரானிக் பலகைகளில் அதை ஏற்றி, போனோடு புளூடூத்தில் இணைத்தால், சிம் இல்லாமல் இன்டர்நெட் இல்லாமல் செய்தி அனுப்பலாம். ஒரு கருவியின் செய்தியை இன்னொரு கருவி வாங்கி மறுபடி ஒலிபரப்பும். அப்படித் தாவித் தாவிப் போகும். விலை ஒன்று சில ஆயிரம் ரூபாய். தொடக்கத்துக்கு ஆறு வாங்குங்கள்: ட்ரோனுக்கு ஒன்று, உயரமான கட்டடத்துக்கு ஒன்று, நான்கு கைக்கருவிகள்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதற்குப் பயன்படும் அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவது. வாங்கும்போதே அந்த வரிசைக்கான பலகையா, ஆன்டெனாவா என்று பாருங்கள். 433க்கும் 915க்கும் செய்தவை ஆன்லைனில் ஏராளமாகக் கிடைக்கும். ஆன்டெனா பொருந்தாவிட்டால் எட்டும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். கருவிக்கு ஈ.டி.ஏ. எனப்படும் மத்திய அரசின் வகை அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆப்பில் பகுதியை இந்தியா என்று வைக்க மறக்காதீர்கள். இன்னொன்று, ஆன்டெனா மாட்டாமல் கருவியை ஒருபோதும் ஆன் செய்யக் கூடாது. ரேடியோப் பகுதி எரிந்துபோகலாம்.

சேனல் இரண்டு வையுங்கள். ஒன்று யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய திறந்த சேனல். இன்னொன்று குழுவுக்கு மட்டும், கடவுச்சாவியோடு. நோயாளி பெயர், பெண்கள் தனியாக இருக்கும் வீடு போன்றவை அதில்தான் போக வேண்டும். சேனல் அமைப்பை கியூ.ஆர். கோடாக அச்சிட்டு லேமினேட் செய்து வைத்தால் புதிதாக வருகிறவர் அரை நிமிடத்தில் சேர்ந்துவிடுவார். மெஷ்டாஸ்டிக் ஆப்பையும் எல்லார் போனிலும் முன்னதாகவே இறக்கி வைக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு பிளே ஸ்டோர் திறக்காது.

மரியா புயலை மனத்தில் வைத்து உருவான புராஜெக்ட் அவுல் என்ற திட்டம் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது: அவர்களுடைய மிதக்கும் லோரா கருவியின் வைஃபையில் போனை இணைத்தால் ஆப் எதுவும் இல்லாமலே ஒரு படிவம் திரையில் வந்துவிடும். குழுவில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர் இருந்தால் அந்தப் பக்கமும் பாருங்கள். புதியவர்களுக்கு மெஷ்டாஸ்டிக் எளிது.

இரண்டாம் படி: உயரக் கணக்கு

ரேடியோ அலைக்குத் தொடுவானம் எவ்வளவு தூரத்தில் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும். தரையில் நிற்பவர் கையில் இருக்கும் கருவிக்கு, 1.5 மீட்டர் என்று வைத்தால், 5 கி.மீ. 60 மீட்டரில் நிற்கும் ட்ரோனுக்கு 32 கி.மீ. 120 மீட்டருக்கு 45 கி.மீ.

உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் தூரம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆனால் மேலே போகப் போகக் காற்று கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் நம் வேலைக்கு 60 மீட்டர் போதும். 32 கி.மீ. என்பது பூமியின் வளைவு மறைக்காத தூரம்தான். கருவியின் சக்தி அதுவரை போகும் என்று அர்த்தமில்லை. தென்னந்தோப்பு, காங்கிரீட் வீடு எல்லாம் அலையைத் தின்னும். திட்டம் போடும்போது சமவெளியில் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கிடைத்தால் லாபம்.

இந்தக் கணக்கு தாமிரபரணிக் கரை, காவிரி டெல்டா போன்ற தட்டையான நிலத்துக்கு. 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு நடந்த வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை மாதிரியான மலைப் பள்ளத்தாக்கில் மேடு மறைத்துவிடும். அங்கே மேட்டின் உச்சிக்கு ஒரு கருவியை ஆள் எடுத்துப் போய் வைப்பது, பள்ளத்தில் நின்று ட்ரோன் விடுவதைவிடப் பலன் தரும்.

மூன்றாம் படி: தண்ணீர்த் தொட்டியை முதலில் பாருங்கள்

ஊரில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? மூன்று மாடிப் பள்ளிக்கூடம்? மாதா கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா? அங்கே ஒரு லோரா கருவியும் சிறு சோலார் பலகையும் வைக்க ஊராட்சியிடமோ நிர்வாகத்திடமோ மழைக்காலத்துக்கு முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள். 20 மீட்டர் உயரத் தொட்டிக்குத் தொடுவானம் 18 கி.மீ. அது இரவு பகல் நிற்கும், காற்றில் விழாது, பைலட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்.

அப்படியானால் ட்ரோன் எதற்கு? ஒன்று, தொட்டிகளில் வைத்த கருவிகளுக்கு இடையில் தொடர்பு அறுந்தால் அந்த இடைவெளியை நிரப்ப. இரண்டு, முன்கூட்டி எதுவும் வைக்காத ஊரில் உடனடியாக ஒரு உயரத்தை உண்டாக்க. மூன்று, படகில் போகும் மீட்புக் குழுவோடு கூடவே நகர. எனக்குத் தெரிந்தவரை இந்த மூன்றையும் தாண்டி ட்ரோனுக்கு இதில் வேலை இல்லை.

நான்காம் படி: ட்ரோனையும் ஓட்டுபவரையும் கண்டுபிடிப்பது

2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதனால் புதிதாக வாங்கக் கிளம்பும் முன், பக்கத்தில் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் இப்போது கிராமங்களில் பரவலாக வந்துவிட்டன. முறையாகத் தொழில் செய்பவரிடம் பதிவு எண்ணும் பைலட் சான்றிதழும் இருக்கும். பத்து லிட்டர் மருந்தைத் தூக்குகிற இயந்திரத்துக்கு நூறு கிராம் லோரா கருவி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இவற்றின் மென்பொருளில் உயர வரம்பு தாழ்வாக வைக்கப்பட்டிருக்கலாம். அதைத் தயாரித்தவர்களிடம் முன்பே பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். எதையாவது கட்டித் தொங்கவிட அனுமதி உண்டா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கல்யாண வீடியோ எடுக்கிறவர்களிடமும் ட்ரோன் இருக்கும், கை நல்ல பழக்கமாகவும் இருக்கும். பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்!

குழுவிலேயே ஒருவர் பைலட் ஆக வேண்டுமென்றால் 18 வயது நிறைந்து, பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படிக்கலாம். 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கும், வணிக நோக்கமில்லாமல் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகைக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. எடைக் கணக்கில் தூக்கும் சுமையும் சேரும் என்பதைக் கவனியுங்கள்: 249 கிராம் ட்ரோனில் லோரா கருவியைக் கட்டிய நொடியே அது நானோ இல்லை. உண்மையில் அவ்வளவு சிறிய ட்ரோன் இந்த வேலைக்கு உதவவும் உதவாது.

ஐந்தாம் படி: அனுமதி

2021 ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள வட்டத்தில் 200 அடி வரைதான் பச்சை. அதற்கு மேல் மஞ்சள், விமானக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். இன்னும் நெருங்கினால் கட்டுப்பாடு கூடும். சிவப்பில் மத்திய அரசு அனுமதியில்லாமல் எதுவும் பறக்கக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் ஊர் எதில் வருகிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். தூத்துக்குடிப் பக்கம் என்றால் வாகைக்குளம் விமான நிலையம், துறைமுகம்; கடற்கரையோடு தெற்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். நாம் 60 மீட்டரில், அதாவது 200 அடிக்குள் நிற்பதற்கு இது இன்னொரு காரணம்.

வரைபடம் பச்சை காட்டினாலும் பேரிடர் நாளில் அது போதாது. விமானப்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்கள் தாழ்வாக வந்து சாப்பாடு போடும், ஆளைத் தூக்கும். அந்த நேரத்தில் யாருடையது என்று தெரியாத ஒரு ட்ரோன் வானத்தில் இருந்தால் ஹெலிகாப்டர் திரும்பிப் போக வேண்டிவரும். இதைவிடப் பெரிய கெடுதலை ஒரு தன்னார்வலர் செய்ய முடியாது. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர். மழைக்காலத்துக்கு முன்பே கலெக்டர் அலுவலகத்தில் பேரிடர் பிரிவைப் பார்த்து, குழுவின் பெயர், ட்ரோன் பதிவு எண், பைலட் போன் நம்பர், எந்த இடங்களில் எந்த உயரம் என்று எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். காவல் நிலையத்துக்கு ஒரு நகல். பறக்கும் நாளில் மறுபடி தகவல் சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஹெலிகாப்டர் சத்தம் காதில் விழுந்த உடனே, யாரும் சொல்வதற்குக் காத்திருக்காமல், இறக்கிவிட வேண்டும்.

பார்வைக்கு எட்டும் தூரத்தில்தான் ஓட்ட வேண்டும் என்பதும் விதி. நமக்கு அதில் சிரமமே இல்லை. நிற்கிற இடத்துக்கு நேர் மேலே ஏற்றி அங்கேயே நிறுத்துவதுதான் நம் வேலை.

ஆறாம் படி: கருவியைக் கட்டுவது

ஆன்டெனா ட்ரோனின் வயிற்றுக்குக் கீழே நேர் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். கார்பன் ஃபைபர் சட்டத்தை ஒட்டிக் கட்டினால் அது அலையை மறைக்கும். ஒரு சாண் கீழே இறக்குங்கள். கீழே தரையில் ஆள்கள் கையில் இருக்கும் ஆன்டெனாவும் செங்குத்தாகவே இருக்கட்டும். குச்சி ஆன்டெனாவின் நுனிக்கு நேர் கீழே சிக்னல் மிகக் குறைவு என்பதால், பைலட் பக்கத்தில் நிற்பவருக்குச் செய்தி வராமல் போகலாம். பழுது என்று நினைக்காதீர்கள். ஐம்பது மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

லோரா கருவிக்குத் தனிச் சிறு பேட்டரி கொடுங்கள். ட்ரோன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுக்க வேண்டாம். கேபிள் டையோடு, பாதுகாப்புக்கு ஒரு நூலும் கட்டுங்கள். மெஷ்டாஸ்டிக் ஆப்பில், மேலே போகும் கருவியை மட்டும் ரவுட்டர் (கடத்தி விடுவது) என்றும், கையில் இருப்பவற்றைக் கிளையன்ட் (பயன்படுத்துபவருடையது) என்றும் அமைக்க வேண்டும். தாவல் எண்ணிக்கை 3 என்றே இருக்கும், அப்படியே விடுங்கள். உயரத்தில் இருக்கும் கருவி எல்லாருடைய பேச்சையும் கேட்கும். எண்ணிக்கையைக் கூட்டினால் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்து காற்று நிரம்பிவிடும்.

ஏழாம் படி: நேரம் வைத்துப் பறப்பது

சாதாரண ட்ரோன் ஒரு பேட்டரிக்கு 25 முதல் 30 நிமிடம் என்று விளம்பரம் சொல்லும். காற்றும் சுமையும் சேர்ந்து, 30 சதவீதம் மிச்சத்தோடு இறக்கினால் கையில் கிடைப்பது 15 நிமிடம். நாள் முழுக்க வானத்தில் வைத்திருக்க ஆசைப்பட்டால் இரண்டு ட்ரோனும் ஒரு கூடை பேட்டரியும் ஓயாமல் ஓடும் ஜெனரேட்டரும் வேண்டும்.

அதனால் மினி பஸ் மாதிரி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை 6 முதல் மாலை 6 வரை, ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் 10 நிமிடம் ட்ரோன் மேலே இருக்கும். தரையில் இருப்பவர்கள் செய்தியை முன்பே எழுதி வைத்து, அந்த நேரத்தில் மட்டும் கருவியை ஆன் செய்து அனுப்புவார்கள். அவர்களுடைய பவர் பேங்க்கும் மிஞ்சும். இந்த அட்டவணையை ஊர் ஊராக முன்பே ஒட்டிவிட வேண்டும், கடிகாரத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரக் கணக்கு: சிறிய ட்ரோனின் பேட்டரி சுமார் 60 வாட்மணி. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் 900 வாட்மணி. இழப்பெல்லாம் போக, ஏறத்தாழ பத்து தடவை சார்ஜ் செய்யலாம். ஒரு நாள் ஓடிவிடும். தெளிப்பு ட்ரோனின் பேட்டரி பல மடங்கு பெரியது, அதற்கு ஜெனரேட்டர்தான்.

மழையில் பறக்காது. மணிக்கு 35 கி.மீ.க்கு மேல் காற்றடித்தால் சின்ன ட்ரோன் நிற்காது. ஆகவே புயல் நேரத்தில் இது உதவாது, கடந்த பிறகுதான். நனைந்த லித்தியம் பேட்டரியைத் துடைத்துவிட்டு மறுபடி சார்ஜில் போடுவது நிவாரண முகாமில் தீ வைப்பதற்குச் சமம். தனியே எடுத்து வெளியில் வையுங்கள். பருந்தும் காகமும் ட்ரோனை விரட்டும், மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. பைலட் பக்கத்தில் வானத்தை மட்டும் பார்க்க ஒருவர் நிற்கட்டும்.

எட்டாம் படி: செய்தி எழுதும் முறை

குழுக்கள் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான், ட்ரோனில் இல்லை. ஒரு செய்திக்கு சுமார் 200 பைட் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. அதனால் 200 பைட்டில் தமிழ் எழுத்து நாற்பதுக்குப் பக்கம்தான் அடங்கும். எண்களும் இடைவெளியும் ஒரு பைட்தான். இப்படி எழுதப் பழக்குங்கள்:

ஏரல் பள்ளி 40பேர் இன்சுலின் தண்ணி 1420

இடம், எத்தனை பேர், அவசரம் எது, மணி. இது 92 பைட். "வணக்கம் அண்ணே, நாங்க இங்க" என்று தொடங்கினால் அதற்குள் மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விடும். முழு நீளச் செய்தி ஒன்று காற்றில் போக ஏறத்தாழ 2 நொடி எடுக்கும், அதை மற்ற கருவிகள் திரும்பச் சொல்ல இன்னும் சில நொடி. பத்து நிமிடத்தில் ஐம்பது பேர் "ஓகே", "நன்றி" போட்டால் இன்சுலின் செய்தி நடுவில் காணாமல் போகும். ஒரு இடத்துக்கு ஒருவர் மட்டும் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் சொல்வதை அவர் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்வார்.

ஒன்பதாம் படி: மறுமுனையில் யார்

சிக்னல் உயிரோடு இருக்கும் ஊரின் எல்லையில் குழுவின் ஒரு ஆள் லோரா கருவியும் போனுமாக உட்கார வேண்டும். வரும் ஒவ்வொரு செய்தியையும் நோட்டில் எழுதி, 1077க்கு, அதாவது மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, போன் செய்து சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று குறித்து, "சொல்லியாச்சு" என்று ட்ரோனின் அடுத்த முறையில் பதில் அனுப்ப வேண்டும். மாநில அறைக்கு 1070. தானாகவே இன்டர்நெட்டில் ஏற்றும் வசதியும் மெஷ்டாஸ்டிக்கில் உண்டு. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லையென்றால் என்ன பயன்? நிதானமாகப் பேசத் தெரிந்த, கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவரை இந்த இடத்தில் போடுங்கள். குழுவில் பைலட்டைவிட முக்கியமான ஆள் இவர்தான்.

சாட்டிலைட் போன் பற்றி ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த துரையா, இரிடியம் கருவிகளை இங்கே அனுமதியில்லாமல் வைத்திருப்பதே சட்ட விரோதம். ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்கள், பக்கத்தில் இருந்தால் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் தற்செயலாக ஹாம் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத், அந்தமானுக்கும் வெளியுலகுக்கும் தகவல் கடத்தியது பலருக்கு நினைவிருக்கும். லோராவுக்கு எட்டாத தூரத்துக்கு அவர்களின் குரல் போகும்.

பத்தாம் படி: ஒத்திகை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஒத்திகையை ஆகஸ்டிலேயே வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருடைய போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் ஆன் செய்து, காலையிலிருந்து மதியம் வரை அட்டவணைப்படி ஓட்டிப் பாருங்கள். எந்த ஊரிலிருந்து எந்த மணிக்குச் செய்தி வந்தது, எது வரவில்லை என்று வரைபடத்தில் குறியுங்கள். வராத இடத்தில் தொட்டி இருந்தால் அங்கே ஒரு கருவி. இல்லையென்றால் ட்ரோன் ஏற்றும் இடத்தை மாற்றுங்கள். வி.ஏ.ஓ.வையும் ஊராட்சித் தலைவரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

பேட்டரிகளைப் பாதி சார்ஜில், வெயில் படாத தகர டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள். வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டதும் எல்லாவற்றையும் முழுதாகச் சார்ஜ் செய்து, கருவிகளை ஜிப் கவரில் போட்டு, எந்த ஊருக்கு யார் என்று எழுதிய பட்டியலோடு முதல் நாளே கொடுத்தனுப்பிவிடுங்கள். மழை பிடித்த பிறகு ரோடு இருக்காது.